உடல் வராத வீடுகளுக்கு ஊரில் ஒரு கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 26, கார்கில் வெற்றி நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த படத்தைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடியோடு வரிசையாக நிற்கிறார்கள். நல்ல காரியம். 1999-இல் அந்த மலைகளில் 527 பேரைப் பறிகொடுத்தோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்த நேரம் முதல் எனக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் நினைப்புதான்.

அவர் கணவர் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம், அதில் சேர்ந்து இருந்தது இரண்டு லீவு மட்டும். அக்காவுக்கு எழுத்து கூட்டத் தெரியாது. ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். விலாசத்தில் ஊர் பெயரே இருக்காது. நம்பர், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையத்தின் பெயர். ஆள் மலையில் இருக்கிறாரா மணலில் இருக்கிறாரா என்று வீட்டுக்குத் தெரியாது. அக்கா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கிணற்றுக் கயிறு அறுந்துபோனது, பசு சினையாக இருப்பது, வடக்கே நிற்கும் பலா மரத்தில் சக்கை பிஞ்சு பிடித்திருப்பது. ஒட்டும்போது நிறுத்தி, "மாமிக்கு இருமல் கொறஞ்சிருக்கு, அதையும் எழுது மக்ளே" என்பார். ஓரத்தில் நுணுக்கி எழுதுவேன்.

1971 டிசம்பர் 3-ஆம் தேதி சண்டை தொடங்கியது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தியை ரேடியோவில் கேட்டு, எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். தந்தி வந்தது அதற்கும் பிறகு, வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்.

உடல் வரவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. கார்கில் சமயத்தில்தான் இறந்தவர்களின் உடல்களை ஊர் ஊராகக் கொடி போர்த்தி அனுப்பி வைத்தார்கள். அதற்கு முந்தைய சண்டைகளில் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே இறுதிக் காரியத்தை முடித்துவிடுவார்கள். புதைத்தார்களா எரித்தார்களா என்றுகூட அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. இரண்டு சட்டை, ஷேவிங் பிரஷ், ஒரு ஜெபமாலை, நூல் சுற்றிய கடிதக் கட்டு. கட்டின் மேலே இருந்த இன்லண்டு லெட்டர் பிரிக்கப்படாமல் இருந்தது. மேலே இருந்தது என் கையெழுத்து. சக்கை பிஞ்சு பிடித்த சேதி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் பங்கில் எல்லாரும் அவரவர் கல்லறையை வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். அக்காவுக்கு ஏற்ற இடம் இல்லை. மாமியார் கல்லறையில் இரண்டு திரி ஏற்றுவார், ஒன்று கிழவிக்கு, ஒன்று மகனுக்கு. அப்புறம் அதே மாதத்தில் பென்ஷனுக்காகத் தான் உயிரோடு இருப்பதற்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போவார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் அவர் நவம்பர் மாதம்.

டெல்லியில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தார்கள். 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அக்காவின் தம்பி மகன் போனபோது பெயரைத் தேடிப் பிடித்து போனில் படம் எடுத்து வந்தான். அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "இதுல நம்ம ஊர் பேரு எங்க மக்ளே?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் தமிழ்நாட்டில் பல கிராமங்களில் கல் வைத்தான், இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று. எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இல்லை. நம்மால் பெயரே போட முடியுமே. பஞ்சாயத்து அலுவலக வாசலிலோ, அவர்கள் படித்த பள்ளியிலோ ஒரு கல் போதும். குளச்சலில் 1741-இல் திருவிதாங்கூர் படை டச்சுக்காரரை ஜெயித்ததற்குத் தூண் நிற்கிறது. அங்கே தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் தமிழிலும் லத்தீனிலும் எழுதிய கல்லறை இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்த பக்கம் நின்று செத்த ஒரு சாதாரண ஆளின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப் படையில் இறந்த சுமார் 1,200 பேரின் பெயர்களும் இதில் வர வேண்டும். அந்தப் படையால் அங்கே நம் சனம் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகாததற்கு என்ன காரணம் என்பதும் தெரியும். ஆனால் போனவன் உத்தரவுக்குப் போனவன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகன் எங்கே இறந்தான் என்று கேட்டால் அந்தத் தாய் "வடக்கே" என்று சொல்லிவிடுவார். சொந்த ஊரில் மகன் செத்த இடத்தைச் சொல்லக் கூசி ஒரு தாய் பொய் சொன்னது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. கொழும்பில்கூட அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது.

அக்காவுக்கு யார் மேலும் கோபமில்லை. "அந்தப் பக்கத்துலயும் பெட்டி மட்டும் வந்த வீடு இருக்கும்லா" என்று ஒருநாள் அவராகவே சொன்னார்.

உங்கள் நிருபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டிசம்பர் 7 கொடி நாளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் குமரி மாவட்டத்தில் 62, 65, 71, இலங்கை, கார்கில் என்று ஆள் இழந்த வீடுகளுக்குப் போய், பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கி, நாளுக்கு ஒன்றாக வெளியிட்டால், கல் வைக்கும் வேலையை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். 71-இல் விதவையானவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவிடம் சம்மதம் கேட்டுவிட்டேன். முதல் பெயரை நான் எழுதி அனுப்புகிறேன், ஊர் பெயரோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.