ஜீவனாம்சமும் சிங்கி இறாலும்

ஹாலிஃபாக்ஸ்

அன்புள்ள முருகேசா,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாதவன் இப்போது தானாக எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று ஊகித்திருப்பாய், சரிதான். வீட்டில் அனைவரும் நலம். உன் முட்டிவலியைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நான்கு பக்கம் எழுதுவாய்.

சென்ற மாதம் கனடாவின் இந்த நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தென்மேற்குக் கரையில், சிங்கி இறால் (லாப்ஸ்டர்) பிடிக்கும் ஒருவர் வீட்டில் எனக்கு விருந்து. நல்ல மனிதர். சிறிய அளவுகோல் ஒன்றை எடுத்து, இறாலின் கண்குழியிலிருந்து முதுகின் ஓடு முடியும் இடம்வரை வைத்துக் காட்டினார். 82.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். வயிற்றில் முட்டை ஒட்டியிருந்தாலும் விட வேண்டும். நவம்பர் இறுதி முதல் மே இறுதி வரைதான் அவர்களுக்குப் பருவம். அதற்குள் படகுக் கடனையும் அடைத்தாக வேண்டும். "மிக்மாக் மக்கள் மட்டும் பருவத்துக்கு வெளியே பிடிக்கலாமா? கடல் ஒன்றுதானே, சட்டமும் ஒன்றாக இருக்க வேண்டாமா?" என்றார். மிக்மாக் என்பவர்கள் இந்தப் பகுதியின் பூர்வகுடிகள். என் வாயில் அவர் வீட்டு இறால், தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல் இரவெல்லாம் உறுத்தியதால்தான் மறுநாள் உட்கார்ந்து, அவர்களுடைய மீன்பிடி உரிமை பற்றிய நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன்.

டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் மனிதர், செய்யாத கொலைக்காக 11 ஆண்டுகள் சிறையில் இருந்தவர், 1993 ஆகஸ்டில் பாம்கெட் துறைமுகத்தில் 463 பவுண்டு விலாங்கு பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். உரிமம் இல்லை, பருவமும் இல்லை என்று வழக்கு. அவர் கையில் இருந்தது 1760-61 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டுமே. அதில் மீன் என்ற பேச்சே கிடையாது. அரசின் வணிகச் சாவடிகளைத் தவிர வேறெங்கும் சரக்கு விற்க மாட்டோம் என்று மிக்மாக் தரப்பு கொடுத்த வாக்கு மட்டும் இருந்தது. சாவடியில்தான் விற்க வேண்டுமென்றால், விற்பதற்கான சரக்கைப் பிடிக்கும் உரிமையும் அந்த வாக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று 1999 செப்டம்பர் 17 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் சொல்லி அவரை விடுவித்தது. கட்டுப்படுத்த எழுதிய வரியிலிருந்தே உரிமையை எடுத்துத் தந்திருக்கிறார்கள். வக்கீலாகிய நீ இதை ரசிப்பாய்.

ஆனால் அந்த உரிமைக்கு அளவு வைத்தபோது, செல்வம் குவிப்பதற்கு அல்ல, "மிதமான வாழ்வாதாரத்துக்கு" மட்டும் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, மீன்வளத்தைக் காக்க அரசு தக்க காரணம் காட்டிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் விளக்கியது. மிதம் என்றால் எவ்வளவு என்பதற்கு மட்டும் கால் நூற்றாண்டு கடந்தும் தொகை இல்லை. தீர்ப்பு வந்த அதே தேதியில், 2020-இல், சிபெக்னெகாட்டிக் என்ற மிக்மாக் சமூகம் காத்திருந்தது போதும் என்று சோல்னியர்வில் துறையில் தானே உரிமம் கொடுத்து மீன்பிடியைத் தொடங்கியது. ஓர் உரிமத்துக்கு இறால் பிடிக்கும் கூடுகள் 50. என்னை விருந்துக்கு அழைத்தவர் தம் ஒரே படகில் சட்டப்படி 375 கூடுகள் இறக்குகிறார். அடுத்த மாதமே வணிக மீனவர்கள் கூட்டமாகத் திரண்டார்கள். மிக்மாக் மீனவர்கள் பிடித்த இறால் வைத்திருந்த சேமிப்புக் கூடம் ஒன்று எரிந்து சாம்பலானது. இறால் தோலுரிக்கும் காலத்தில் பிடிக்கலாகாது என்ற வணிக மீனவர்களுடைய கவலையை நான் பொய் என்று சொல்லவில்லை. இனம் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அந்தச் சில கூடுகள் போதுமா என்றுதான் கேட்கிறேன். விருந்தில் கேட்டிருக்க வேண்டியதை உனக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

நீ முப்பது ஆண்டுகளாக ஜீவனாம்ச வழக்கு நடத்துகிறாய். கணவனின் வருமானம், மனைவியின் தேவை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதித்தானே தீர வேண்டியிருக்கிறது? தொகை எழுதாமல் "மிதமாகக் கொடு" என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண் எந்த வாசலில் போய் நிற்பாள்? ஒரு தனி மனிதருக்குப் போடும் கணக்கை ஒரு சமூகத்துக்கே போட முடியுமா, போட்டால் அந்த எண்ணே அவர்கள் கழுத்தில் கயிறாகிவிடுமா என்பதை யோசித்து விரிவாக எழுது. அடுத்த விருந்துக்கு முன்னால் பதில் வந்துவிட வேண்டும். ஃபீஸ் கேட்காதே, உனக்காக நான் கட்டிய மெஸ் பாக்கியில் கழித்துக்கொள்.

அன்புடன்,
சேது