எம்டனை வென்ற கப்டன்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த முதலாம் உலகப்போரின் யேர்மன் போர்க்கப்பலான எம்டன் பற்றிய கட்டுரையில் அதன் கப்டன் ஃபொன் முல்லருக்குப் பந்தி பந்தியாக இடம் கிடைத்திருக்கிறது. அவரை வென்ற கப்டன் ஜோன் குளொசொப்புக்குக் கிடைத்தது "ஒரு பிரித்தானியக் கப்பல்" என்ற குறிப்பு மட்டுமே. எம்டன் என்றால் நம்மவருக்கு ஒரு கிறக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிழைகளைத் திருத்தத்தான் வேண்டும்.

கட்டுரை சொல்வதுபோல் எம்டன் அழிந்தது இலங்கைக் கரையோரத்தில் அல்ல. 1914 செப்டெம்பர் கடைசியில் காலி, கொழும்புப் பக்கமாக அது வணிகக் கப்பல்களைப் பிடித்ததும் மூழ்கடித்ததும் உண்மை. அதன் முடிவு வந்தது நவம்பர் 9ஆம் திகதி, கொக்கோஸ் தீவுகளில். அந்த இடம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,500 கடல்மைல் தென்கிழக்கே இருக்கிறது. இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து சென்னைக்குக் குண்டு போட்டார் என்பதும் ஆதாரமற்ற கதை. எம்டன் சென்னையைத் தாக்கிய 1914 செப்டெம்பரில் அவர் சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பேர்லினுக்குப் போனார். ஒகஸ்ட் தொடக்கத்தில் சீனக் கரையின் சிங்டாவிலிருந்து புறப்பட்ட கப்பலில் அவர் எப்படி ஏறியிருக்க முடியும்?

எம்டனை வென்றது அவுஸ்திரேலியக் கடற்படையின் சிட்னி என்ற போர்க்கப்பல். அதன் கப்டன் ஜோன் குளொசொப் பிரித்தானியக் கடற்படையின் அதிகாரி, அவுஸ்திரேலியாவுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டவர். 1871இல் லண்டனுக்கு அருகே ருவிக்கன்ஹாமில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1911இல் கப்டன் தரம், 1913இல் புதுக் கப்பலான சிட்னியின் பொறுப்பு. அதுவரை பெயர் சொல்லும்படியான சண்டை எதையும் அவர் காணவில்லை. அந்தத் தலைமுறைப் பிரித்தானிய அதிகாரிகளில் முக்கால்வாசிப் பேரின் கதையும் அதுதான்.

அவுஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிய 38 கப்பல்களுக்குக் காவலாகத்தான் சிட்னி போய்க்கொண்டிருந்தது. காலை ஆறரை மணியளவில் கொக்கோஸ் தந்தி நிலையத்திலிருந்து, துறைவாயிலில் அந்நியக் கப்பல் நிற்கிறது என்று கம்பியில்லாத் தந்தி வந்தது. எம்டன் மூன்று புகைபோக்கிக் கப்பல். ஆங்கிலக் கப்பல்போலக் காட்ட நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நிலையத்தார் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காவலுக்குப் பொறுப்பான மெல்பேர்ன் கப்பலின் கப்டன் தானே போகாமல், கிட்ட நின்ற சிட்னியை அனுப்பினார். தூரம் 50 மைலுக்குச் சற்று மேல், இரண்டரை மணிநேர ஓட்டம்.

முல்லர் கெட்டிக்காரர்தான். ஆனால் அன்று காலை அவர் கணக்கு மூன்று இடத்தில் பிசகியது. தந்திக்குப் பதில் கொடுத்த போர்க்கப்பலின் சமிக்ஞை மெலிவாகக் கேட்டதால், 200 மைலுக்கு அப்பால் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார். கிட்ட நின்ற சிட்னி வாய் திறக்கவில்லை. பிறகு, தொடுவானில் தெரிந்த புகையைத் தான் வரச்சொன்ன நிலக்கரிக் கப்பல் பியூரெஸ்கின் புகை என்று நினைத்தார். கொதிகலன்களில் முழு நீராவி ஏறியிருக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, கடலடித் தந்திக் கேபிளை வெட்டக் கரைக்கு அனுப்பிய 50 பேர். பயிற்சி பெற்ற பீரங்கிக்காரர் சிலரும் அதற்குள் அடக்கம். அவர்களை ஏற்றிக்கொள்ள நேரமில்லாமல் நங்கூரத்தைத் தூக்க வேண்டியதாயிற்று.

"பெரிய கப்பல் சின்னக் கப்பலை அடித்தது, இதில் என்ன வீரம்" என்று கட்டுரையாளர் கேட்கிறார். கணக்கு அவர் பக்கம்தான். சிட்னியிடம் எட்டு 6 அங்குலப் பீரங்கிகள், ஒரு குண்டு 100 இறாத்தல். எம்டனிடம் பத்து 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகள், குண்டு 38 இறாத்தல். இரண்டிலும் ஒரு பக்கமாகச் சுடக்கூடியவை ஐந்தைந்துதான். ஆகவே ஒரு வீச்சுக்கு 500 இறாத்தலுக்கு எதிரே 190. சிட்னியின் பக்கச் சுவரில் கவசத் தகடு உண்டு, எம்டனுக்குக் கவசத் தளம் மட்டுமே. வேகத்திலும் சிட்னி ஓரிரண்டு நொட் (மணிக்கு ஒரு கடல்மைல் ஒரு நொட்) கூட. மூன்று மாதம் ஓய்வின்றிக் கடலில் நின்ற எம்டனின் அடிப்பாகம் பாசி பிடித்து இன்னும் மந்தமாகியிருக்கும்.

இத்தனை இருந்தும் முதல் கால் மணிநேரம் எம்டனுடையது. 9.40க்கு ஏறத்தாழ 9,500 மீற்றரில் முதலில் சுட்டது அதுதான். அந்தச் சின்னப் பீரங்கி அவ்வளவு தூரம் எட்டாது என்று குளொசொப் கருதியிருந்தார். யேர்மன் பீரங்கிகளை மிக உயரச் சாய்த்துச் சுடலாம் என்பது அவர் கணக்கில் இல்லை. ஆரம்ப வீச்சுகளிலேயே ஒரு குண்டு சிட்னியின் மேடையில் இருந்த தூரமானியைப் பெயர்த்து, அதில் நின்றவரைக் கொன்றது. அது வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் சில அடி தள்ளி நின்ற குளொசொப்பும் மிஞ்சியிருக்க மாட்டார். இன்னொன்று பின்பக்கக் கட்டுப்பாட்டு மேடையை நாசமாக்கியது.

தூரமானி போவது ஏன் பெரிய விஷயம்? அந்தத் தூரத்தில் குண்டு போய் விழ ஏறத்தாழ 20 விநாடி எடுக்கும். 24 நொட் வேகத்தில் ஓடும் கப்பல் அதற்குள் 250 மீற்றர் நகர்ந்துவிடும். எம்டனின் நீளமோ 118 மீற்றர். கப்பல் நிற்கிற இடத்துக்குச் சுட்டால் குண்டு அதன் இரண்டு கப்பல் நீளம் பின்னால் விழும். தூரமும் திசையும் மாறும் வேகத்தை அறிந்து முன்கூட்டிச் சுட வேண்டும். கருவி இல்லாவிட்டால், விழுந்த குண்டு எழுப்பும் நீர்த்தூணைப் பார்த்துக் "கூட்டு, குறை" என்று திருத்துவதே வழி. சிட்னி அப்படித்தான் கொஞ்சநேரம் தடுமாறியது.

பிறகு குளொசொப் செய்தது அலட்டல் இல்லாத வேலை: வேகத்தைப் பயன்படுத்தித் தூரத்தைத் தானே தீர்மானித்தார். எம்டனை நெருங்கவும் விடவில்லை, தப்பவும் விடவில்லை. எம்டனின் முதல் புகைபோக்கி விழுந்தது, பிறகு முன்கொடிமரம், இரண்டாவது புகைபோக்கி, கடைசியாக மூன்றாவது. புகைபோக்கி போனால் பார்வைக்கு மட்டும் கேடு என்று நினைக்கக்கூடாது. அது இழுக்கும் காற்றில்தான் அடுப்பில் நிலக்கரி எரிகிறது. இழுப்பு போனால் நீராவி இறங்கும், வேகம் இறங்கும். சுக்கானும் பழுதாகிவிட, முல்லர் மிச்ச ஆட்களைக் காப்பாற்ற கொக்கோஸ் கூட்டத்தின் வட கீலிங் தீவில் பவளப் பாறையில் கப்பலை ஏற்றினார். நேரம் 11.20.

குளொசொப் பற்றி இன்றும் சர்ச்சையாக இருப்பது பிற்பகல்தான். பியூரெஸ்கைத் துரத்திப் போய் (அதன் ஆட்கள் அடிவால்வுகளைத் திறந்து அதை மூழ்கடித்துவிட்டார்கள்) சிட்னி நாலு மணியளவில் திரும்பியபோது, எம்டனின் பெரிய கொடிமரத்தில் கொடி இன்னும் பறந்தது. சரணடைகிறீர்களா என்று கொடிச் சமிக்ஞையில் கேட்டார்கள். சமிக்ஞைப் புத்தகம் இல்லை என்று பதில் வந்தது. மோர்ஸ் விளக்கில் வெறும் ஆங்கிலத்தில் கேட்டார்கள், பதிலில்லை. குளொசொப் ஐந்து நிமிடம் மறுபடி சுட்டார். கொடி இறங்கியது, வெள்ளைத்துணி ஏறியது. அந்த ஐந்து நிமிடத்திலும் ஆட்கள் செத்தார்கள். கொடூரம் என்று முல்லரின் ஆட்கள் பின்னர் எழுதினார்கள். கடற்போரில் கொடி பறக்கும்வரை கப்பல் சண்டையில்தான் இருக்கிறது. அதை இறக்க முல்லருக்கு நாலு மணிநேரத்துக்கு மேல் இருந்தது. என் பார்வையில் குறை இரு பக்கமும் உண்டு, கூடுதல் பங்கு முல்லருக்கு.

அதைவிட வலுவான கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை: காயப்பட்டவர்களை ஏன் அன்றே மீட்கவில்லை? குளொசொப் தந்தி நிலையத்தில் இறங்கிய படையைப் பிடிக்கப் போனார். இரவாகிவிட்டதால் விடியும்வரை வெளியே நின்றார். விடிந்து போனபோது அவர்கள் அயேஷா என்ற பாய்க்கப்பலில் முதல்நாள் மாலையே போய்விட்டிருந்தார்கள். எம்டனுக்குத் திரும்ப 10ஆம் திகதி பிற்பகல் ஆயிற்று. அதுவரை அங்கே குடிதண்ணீரும் இல்லை, படகுகளும் இல்லை. எம்டனில் இறந்தோர் 130க்கும் மேல், சிட்னியில் நால்வர்.

15ஆம் திகதி சிட்னி கொழும்புக்கு வந்தபோது, காயப்பட்ட கைதிகள் கப்பலில் இருப்பதால் ஆரவாரம் வேண்டாம் என்று குளொசொப் முன்கூட்டியே அறிவித்திருந்தார். நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள இந்தச் செய்தியைக் கட்டுரை விட்டுவிட்டது. 1917இல் அவர் கப்பலை விட்டு சிட்னி நகரில் கடற்படைக் கரைப்பொறுப்பை ஏற்றார். பின்னாளில் வைஸ் அட்மிரல் தரம் கிடைத்தது. 1934இல் காலமானார்.

கடைசியாக, படம். "எம்டன்" என்று நீங்கள் அச்சிட்ட கப்பலுக்கு நாலு புகைபோக்கிகளும் மூன்று கால் கொடிமரமும் இருக்கின்றன. அது சிட்னி, அதுவும் 1917இல் கொடிமரம் மாற்றப்பட்ட பிறகு எடுத்த படம். சண்டை நாளில் சிட்னிக்கு இருந்தது ஒற்றைக்கம்பம். அந்த மூன்று கால் மரத்தை இன்றும் சிட்னித் துறைமுகத்தின் பிரட்லிஸ் ஹெட் முனையில் பார்க்கலாம். அடுத்த முறை மூன்று புகைபோக்கி உள்ள படத்தைப் போடுங்கள்.

ஓய்வுநிலைக் கப்பல் பொறியியலாளர்,
வல்வெட்டித்துறை.