தீபாவளிக்கு மறுநாள் விடுமுறையா? முன்கூட்டியே சொல்லலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டு, 2026இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை உண்டா இல்லையா என்ற விசாரிப்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போதே தொடங்கிவிட்டது. ஒருவரிடமும் பதில் இல்லை. பண்டிகை நெருங்கிய பிறகுதான் பதில் வரும் என்பதும், அது பெரும்பாலும் 'உண்டு' என்றுதான் இருக்கும் என்பதும், அதற்குள் எல்லோரும் பயணச்சீட்டு எடுத்து முடித்திருப்பார்கள் என்பதும் குழுவில் உள்ள அனைவருக்கும் தெரியும். இந்த ஆண்டாவது அந்த வரிசையை மாற்றி, அறிவிப்பை முதலிலும் பயணத்தைப் பிறகும் வைக்கலாமே என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த சில ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2022இல் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. மறுநாள் விடுமுறை அறிவிக்கப்பட்டு, நவம்பர் 19 சனிக்கிழமை ஈடுசெய்யும் பணிநாளாக்கப்பட்டது. 2023இல் பண்டிகை ஞாயிறன்று வந்தது. நவம்பர் 13 விடுமுறை, நவம்பர் 18 பணிநாள். 2024இல் நவம்பர் 1 விடுமுறை, அதற்கு ஈடாக நவம்பர் 9. சென்ற ஆண்டு அக்டோபர் 21 விடுமுறை, அக்டோபர் 25 பணிநாள். ஆண்டுதோறும் கொடுக்கப்படும் ஒரு நாளை, ஆண்டுதோறும் புதிதாக யோசித்துக் கொடுப்பதுபோல் கடைசி நேரத்தில் அறிவிப்பதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் ஆகிய மூன்றும் முந்தைய ஆண்டே வெளியாகும் விடுமுறைப் பட்டியலில் அச்சாகிவிடுகின்றன. அதனால் ஊருக்குப் போகிறவர் எப்போது கிளம்புவது, எப்போது திரும்புவது என்பதில் யாருக்கும் குழப்பம் இருப்பதில்லை. தீபாவளிக்கு மட்டும் பட்டியலில் ஒரே நாள், மற்றது 'பார்க்கலாம்'.

தீபாவளி ஒரு நாள் பண்டிகைதானே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டாசையும் பலகாரத்தையும் மட்டும் கணக்கில் எடுத்தால் அது சரி. ஆனால் நம் வீடுகளில் அந்த வாரம் நடப்பது அதற்கு மேல். புரட்டாசியில் கல்யாணப் பேச்சையே எடுக்காத குடும்பங்கள் பல. ஐப்பசி பிறந்ததும் தள்ளிப் போட்டவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ நடக்கும் வளைகாப்பு எல்லாவற்றுக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எப்படியும் தீபாவளிக்கு வருவார்கள் அல்லவா, அதை ஒட்டியே வைத்துவிடலாம் என்றுதான் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். அறுபதாம் கல்யாணத்தை அப்படி நம் வசதிக்கு நகர்த்தவும் முடியாது. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில்தான் அதைச் செய்வது வழக்கம் என்பதால், ஐப்பசியில் பிறந்தவர்களுக்கு அது இந்த மாதத்துக்குள்ளேயே வந்தாக வேண்டும். போதாததற்கு, தீபாவளியை அடுத்த அமாவாசை கழிந்ததும் கந்த சஷ்டி விரதம் தொடங்கி ஆறாம் நாள் சூரசம்ஹாரம். வடபழனியிலும் கந்தகோட்டத்திலும் குன்றத்தூரிலும் அந்த நாட்களில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தீபாவளியோடு வாரம் முடிந்துவிடுவதில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் மறுநாளின் முக்கியத்துவம் கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். சென்ற ஆண்டு என் தங்கையின் மகளுக்குத் தலைத் தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். பெண் பள்ளி ஆசிரியை. தீபாவளி திங்கட்கிழமை கும்பகோணத்தில் தங்கை வீட்டில் நடந்தது. விடியற்காலையில் மாமியார் மருமகனை மணையில் உட்கார வைத்து எண்ணெய் வைத்ததும், மஞ்சள் தடவிய புது வேட்டியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததும், லேகியத்தின் காரத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்த்து மைத்துனிமார் சிரித்ததும் குறையில்லாமல் நடந்தன. அவர்கள் வீட்டு வழக்கப்படி நோன்பு செவ்வாய்க்கிழமை. ஆனால் செவ்வாயன்று பள்ளி உண்டு என்ற கணக்கில், திங்கட்கிழமை இரவு ரயிலுக்கு ஆகஸ்ட் மாதமே சீட்டு எடுத்தாயிற்று. விடுமுறை என்ற செய்தி பிறகு வந்தது. செவ்வாய் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் எந்த ரயிலிலும் இடமில்லை. ஆம்னி பேருந்துக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அந்த யோசனையையும் கைவிட்டார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி மாவு பிசைந்து வைத்தாயிற்று. ஆனால் இருபத்தொரு அதிரசமும் படையலில் வைக்கும் முன்னால் யாருக்கும் எடுத்துத் தரக்கூடாது என்பது என் தங்கையின் கண்டிப்பு. புது மாப்பிள்ளை அதிரசம் சாப்பிடாமலேயே ரயில் ஏறினார். கல்யாணமாகி முதல் நோன்பில் அம்மன் முன்னால் அமர்ந்து கட்டிக்கொள்ள வேண்டிய நோன்புக் கயிறு, அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் பள்ளியும் இல்லாமல் நோன்பும் இல்லாமல் சென்னை வீட்டில் இருந்தாள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்து, 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி இவ்வாண்டு தீபாவளி இரவு சென்னை திரும்புவதற்கான முன்பதிவு செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கும். தென் மாவட்ட ரயில்களில் பண்டிகைக் காலச் சீட்டுகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தச் சில நிமிடங்களில், திங்கட்கிழமை வேலை உண்டு என்று எண்ணிக்கொண்டுதான் எல்லோரும் ஞாயிறு இரவுக்குப் பதிவு செய்வார்கள். பிறகு வரும் விடுமுறை அறிவிப்பு ஏற்கெனவே சென்னையிலேயே இருப்பவர்களுக்குப் பயன்படுமே தவிர, யாருக்காக அது கொடுக்கப்படுகிறதோ அவர்களுக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. முன்னரே தெரிந்தால் திரும்பும் கூட்டம் இரண்டு இரவுகளாகப் பிரியும். செங்கல்பட்டு தொடங்கித் தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஊர்ந்து வருவதும் ஓரளவு குறையும். கிளாம்பாக்கத்துக்கு எந்த நாளில் எத்தனை சிறப்புப் பேருந்துகள் தேவை என்று திட்டமிடும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் இது உதவுமே அன்றி இடைஞ்சலாக இராது.

விடுமுறை ஏற்கெனவே அதிகம், இன்னும் ஒன்றா என்று தங்கள் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நான் கூடுதலாக ஒரு நாளும் கேட்கவில்லை. கொடுக்கிற நாளுக்கு ஒரு சனிக்கிழமையை அரசு திரும்ப வாங்கிக்கொள்கிறது, கணக்கு நேராகிவிடுகிறது. தற்செயல் விடுப்பு எடுத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்குப் பள்ளிகளின் நிலை தெரியாது. பாதி ஆசிரியர்கள் ஒரே நாளில் விடுப்புக் கேட்டால் தலைமையாசிரியர் யாருக்குக் கொடுப்பார், யாருக்கு மறுப்பார்? அந்த நாற்காலியில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். வெளியூரில் சொந்தம் உள்ளவருக்குக் கொடுத்து உள்ளூர்க்காரருக்கு மறுத்தால், அந்த மனத்தாங்கல் அரையாண்டுத் தேர்வு வரை ஓயாது.

இந்த அறிவிப்பு தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது உண்மை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும் தர வேண்டும். எந்த ஐந்து நாட்கள் என்பது பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுவிடும். அக்டோபரில் வரும் செய்தியைக் கேட்டு எந்த நிறுவனமும் அதை மாற்றி எழுதப்போவதில்லை. ஆண்டுப் பட்டியலிலேயே மறுநாளும் இருக்குமானால், எல்லா நிறுவனங்களும் இல்லாவிட்டாலும் சிலவாவது அதைப் பின்பற்ற வாய்ப்புண்டு. கணவனுக்கு வேலை நாள், மனைவிக்கு விடுமுறை, பிள்ளைக்குப் பள்ளி உண்டா என்று தெரியவில்லை என்ற வீடுகள் சென்னையில் ஏராளம்.

பேருந்து ஓட்டுநர், நடத்துநர், செவிலியர், காவலர் ஆகியோருக்கு இந்த அறிவிப்பால் வேலைதான் கூடுகிறது. நாம் வெடித்த பட்டாசுக் குப்பையை மறுநாள் விடிவதற்குள் வாரத் தொடங்கும் தூய்மைப் பணியாளர்களின் நிலையும் அதுவே. அவர்களுக்கும் மாற்று விடுப்பு எந்த நாள் என்று முன்னரே சொல்லிவிட்டால், தங்கள் வீட்டு விசேஷத்தை அந்த நாளில் வைத்துக்கொள்வார்கள்.

ஈடுசெய்யும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2023இல் பணிநாளாக்கப்பட்ட நவம்பர் 18ஆம் தேதிதான் சூரசம்ஹாரம். சென்ற ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதியும் சஷ்டி விரதத்தின் நடுவே வந்தது. ஆறு நாளும் விரதம் இருக்கும் ஆசிரியைகள் அரைப் பட்டினியோடு வந்து நிற்க, பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் வகுப்பில் புதுப் பாடம் எதையும் தொடங்க முடியாது. வந்த பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டுப் பொழுதைக் கழிப்பதுதான் நடக்கும். அவசரத்தில் பண்டிகைக்கு அடுத்து வரும் சனிக்கிழமையைப் பிடிப்பதால்தான் இப்படி ஆகிறது என்பது என் எண்ணம். முன்கூட்டி முடிவெடுக்கும்போது பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேரம் இருக்கும்.

ஆகவே, அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியல் தயாராகும்போது தீபாவளிக்கு மறுநாளையும், அதற்கு ஈடான பணிநாளையும் அதிலேயே சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டைப் பொறுத்தவரை, நவம்பர் 9 பற்றிய முடிவை ரயில் முன்பதிவு தொடங்கும் முன், அதாவது ஆகஸ்ட் மாத இறுதிக்குள், வெளியிட்டால் போதும். ஈடுசெய்யும் நாள் நவம்பர் 14 வேண்டாம். அது சஷ்டி விரத நாட்களுக்குள் வருகிறது. நவம்பர் 21 பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை,
நங்கநல்லூர், சென்னை.