பொருள்: நுவரெலியாவுக்குப் பயணச்சீட்டு விற்று, இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறாகக் குறிப்பிட்டமை

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு என் அம்மாவுக்கும் தம்பி குடும்பத்துக்கும் தங்கள் ‘வாசல்வரை’ பொதியில், இரவுத் தபால் புகையிரதத்தில் ஆசனம் பதிவு செய்திருந்தேன். புகையிரத ஆசனத்தோடு, இறங்கும் நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும் வானும் சாரதியும் அந்தப் பொதியில் அடங்கும். தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இப்போது கடிதமாக எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

நீங்கள் அனுப்பிய உறுதிச்சீட்டில் இறங்குமிடம் ‘நுவரெலியா நகர நிலையம்’ என்று அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு நிலையமே கிடையாது. மலையகப் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்து, பின்னர் பட்டிப்பொலைப் பக்கமாக ஏறிப் போய்விட்டது; எங்கள் நகருக்குள் வரவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஓடிய குறுகிய பாதையையும் 1940களில் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து நுவரெலியாவுக்குப் புகையிரதத்தில் வருகிறவர்கள், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தள்ளியுள்ள நானுஓயாவில்தான் இறங்குகிறார்கள். பயணச்சீட்டு விற்பதையே தொழிலாகக் கொண்ட உங்களுக்கு இது தெரியாதா?

சித்திரை வசந்த காலத்தில் நாடே திரண்டு வருகிற, ஒரு மாவட்டத்தின் தலைநகரான ஊருக்கு நானுஓயா மிகச் சிறிய நிலையம். உள்ளூரில் இருக்கிற நாங்கள் பழகிவிட்டோம். முதன்முறை வருகிறவர் அதைப் பார்த்து, ‘இதுதான் நுவரெலியாவுக்குரிய நிலையம்’ என்று ஒருநாளும் நினைக்கமாட்டார். என் தம்பி தூங்கவில்லை. கதவருகே நின்று பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். வட்டகொடை, கிறேட் வெஸ்டர்ன், றாதெல்லை எனச் சிறு நிலையங்கள் கடந்தன. அடுத்து வந்ததும் அப்படியே ஒரு சிறு நிலையம், பனிமூட்டம், மங்கிய விளக்கு. பலகையில் நானுஓயா என்றிருந்தது, கையிலிருந்த சீட்டில் வேறு பெயர் இருந்தது. நகரம் இனித்தான் வரும் என்று உட்கார்ந்துவிட்டான். விடியற்காலைக் குளிரில் அவர்கள் இறங்கியது பட்டிப்பொலையில். நாட்டிலேயே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம் அது! கையில் சீர்வரிசைத் தட்டுகள், கூடவே கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் அம்மா.

இதைச் சொன்னபோது உங்கள் அலுவலர் ஒருவர் என்ன கேட்டார் தெரியுமா? “ஸ்டேஷன் சின்னதாக இருந்தால் நாங்கள் என்ன செய்வது? வந்தவர்களுக்குக் கண் இல்லையா?” என்றார். அம்மாவின் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்லி முடித்த அடுத்த கணமே அப்படிக் கேட்டார். அழைப்புகளைப் பதிவு செய்வதாகத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவை நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அன்று காலை என் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் மாலை போடாமல் நல்ல நேரம் கடந்துபோனது. பந்தலில் இருந்த அத்தனை உறவினரும் என் தம்பி வேண்டுமென்றே வரவில்லை என்று பேசினார்கள். எங்கள் குடும்பத்தின் மானம் போய்விட்டது. எத்தனை இலட்சம் கொடுத்தாலும் அந்த நேரம் திரும்பி வராது.

சாரதியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அவரையும் அதே இல்லாத நிலையத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். பாவம், அவர் நுவரெலியா பஸ் நிலையத்தில் வானை நிறுத்திக்கொண்டு, ‘நகர நிலையம்’ எங்கே என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பட்டிப்பொலையிலிருந்து வேறு வான் பிடித்து வந்த செலவை நாங்கள்தான் கொடுத்தோம்.

நேரில் வந்தால் முடித்துத் தருவதாகச் சொன்னீர்கள். றம்பொடை வளைவுகளையெல்லாம் சுற்றி, நின்றுகொண்டே பஸ்ஸில் கண்டிக்கு வந்தேன். உங்கள் கிளையில் இருந்தவர் பற்றுச்சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இது கொழும்பு விவகாரம்” என்றார். அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே! அரைநாள் கூலியையும் இழந்து, ஒரு தாளில் கையொப்பம்கூட வாங்காமல் திரும்பினேன்.

உங்கள் நிறுவனத்தோடு பகை வளர்க்க எனக்கு விருப்பமில்லை. பொதிக்கான முழுப் பணத்தையும் வான் கூலியையும் திருப்பித் தாருங்கள். அம்மாவிடமும் தம்பியிடமும் அந்த அலுவலர் மன்னிப்புக் கேட்கவேண்டும். சீட்டில் ‘நானுஓயா’ என்று பெரிய எழுத்தில், மூன்று மொழியிலும் அச்சிடுங்கள். ‘சிறிய நிலையம், நகரம் கண்ணுக்குத் தெரியாது, இங்கேயே இறங்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த குடும்பமாவது தப்பும். கண்டிக்குரிய சீட்டுகளையும் சரிபாருங்கள். பதுளை வண்டிகளில் சில கண்டிக்குள் நுழையாமல் பேராதனைச் சந்தியோடு போய்விடும், அதையும் நீங்கள் எங்கும் குறிப்பிடவில்லை.

இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன், பத்திரிகைகளுக்கும் எழுதுவேன். உறுதிச்சீட்டு, வான் கூலிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். மூலப்பிரதிகள் என்னிடமே இருக்கும். பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நுவரெலியா.