திருத்தணியில் பிறந்தவர் எந்த மாநிலத்தவர்?

நகரி (ஆந்திரம்),
ஆடி மாதக் கடைசி

அன்புள்ள சீனு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. காவடியோடு எங்கள் தெரு வழியாகத் திருத்தணிக்கு நடந்தவர்களுக்கு மோர் ஊற்றி ஊற்றி என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. சத்தம் இல்லாமல் எனக்கும் தூக்கம் வருவதில்லை.

உன் பேத்தி எம்.ஏ.வுக்கு வரலாறு எடுக்கப்போகிறாள், 'வரலாற்றுத் தத்துவம்' என்று ஏதோ சொல்கிறாள், அப்படி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இன்ஜினீயர் கேட்கிற கேள்விதான். இருக்கிறதப்பா. ஆனால் நாம் படித்த காலத்து ஆள் இல்லை.

அப்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் ஹெகலும் மார்க்ஸும். வரலாறு எங்கே போகிறது என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். அதிலும் ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல், இந்தியாவுக்கு வரலாறே கிடையாது என்று ஒரே போடாகப் போட்டவர். 1989இல் அமெரிக்கர் ஃபுகுயாமா, தாராளவாத ஜனநாயகத்தோடு வரலாறு முடியப்போகிறது என்று எழுதினார். அதைக் கேலி செய்தவர்களும் ஓய்ந்தாயிற்று. கல்வித் துறைக்குள் சண்டை வேறு மாதிரி நடந்தது. 1942இல் தத்துவவாதி கார்ல் ஹெம்பல், இயற்பியலைப் போலவே வரலாற்றிலும் பொது விதி இல்லாமல் விளக்கம் இல்லை என்றார். 1973இல் அமெரிக்க வரலாற்றறிஞர் ஹெய்டன் வைட், வரலாற்றாசிரியர் செய்வது கதை கட்டும் வேலை, அதே சம்பவங்களைத் துன்பியலாகவும் எழுதலாம், இன்பியலாகவும் எழுதலாம் என்றார். நடுவில் 1965இல் தத்துவவாதி ஆர்தர் டான்டோ சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு இன்றைக்கும் உறைக்கிறது.

'முப்பதாண்டுப் போர் 1618இல் தொடங்கியது.' இந்த வாக்கியத்தை 1618இல் யாரும் எழுதியிருக்க முடியாது. நடப்பதை நடக்கும்போதே, ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும் ஒருவன் இருக்கிறான் என்றே வைத்துக்கொள். நம் சித்திரகுப்தன் மாதிரி. அவன் ஏட்டிலும் அது இருக்காது. போர் முப்பது வருஷம் நீளும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நம் பக்கத்துக்கே வருகிறேன். டாக்டர் ராதாகிருஷ்ணன் தமிழ்நாட்டில் பிறந்தவர். எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். பிறந்தது 1888 செப்டம்பர் 5. அன்றைக்குத் திருத்தணி, சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு ஜில்லா. 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதற்குள் போயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் ஆயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்த மாநிலத்துக்கே தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969இல்தான். 1960இல் அவர் குடியரசுத் துணைத் தலைவர். டில்லியில் உட்கார்ந்த இடத்திலேயே, பிறந்த மாநிலம் மாறிப்போன மனிதர் அவர்! வீட்டு மொழியோ தெலுங்கு. 'தமிழ்நாட்டில் பிறந்தவர்' என்பது பொய்யா? இல்லை. ஆனால் பிரசவம் பார்த்தவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, பின்னால் வருகிறவன் பழையதற்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமா? எல்லையில் குடியிருக்கிறவனுக்கு வைட் போதாமல் போவது இங்கேதான்.

தனி ஆந்திர மாநிலம் கேட்ட பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் நவம்பரில் மாநில விழா என்றால் அவர் படத்துக்குத்தான் மாலை. பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் தெற்கே போனால் ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டமும், 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்ற முழக்கமும். அதே சில வருஷங்கள்தான். நாயகர் வேறு, முடிவு வேறு. வைட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டும் கதை என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். ஆனால் அன்றைக்கு இரண்டு தரப்பும் வழக்காடின. ஆதாரம் காட்டின. ஆதாரம் என்று வந்துவிட்டால் எடைபோட்டுத்தானே ஆக வேண்டும்?

தமிழர்கள் எடுத்து வைத்த பெரிய ஆதாரம் தொல்காப்பியப் பாயிரம்: 'வடவேங்கடம் தென்குமரி'. அந்த வரி எழுதப்பட்டபோது தமிழ் வழங்கிய நிலத்தின் வட எல்லையாக வேங்கடம் கருதப்பட்டது என்பதற்கு அது நல்ல சான்று. 1950களில் திருப்பதி தாசில்தார் எந்த மாநிலச் சம்பளம் வாங்க வேண்டும் என்பதற்கு அது சான்றாகுமா? ஆகாது என்றே எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்ளாதே, நானும் தமிழன்தான். எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த பட்டாஸ்கரின் அளவுகோல் வேறு: கிராமம் ஓர் அலகு, அங்கே பெரும்பான்மை எந்த மொழி, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா. திருத்தணி அங்கே சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சத்தியவேடு இங்கே ஆந்திரத்துக்கு வந்தது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் படித்துச் சொல்லக் கொண்டுவந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்து நிலம், 1930களின் முத்திரைத்தாள். மடிப்பில் கிழிந்து, யாரோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறியிருந்தது. வாசகம் தெலுங்கு. சக்குபந்தியில் கிழக்கே ஏரிக்கால்வாய், மேற்கே ஒரு புளியமரம். சாட்சிகளில் ஒருவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இன்னொருவர் தமிழில். நிலத்தை விற்றவர் கைநாட்டு. அவர் வீட்டில் என்ன பேசினார் என்று அந்த ரேகையில் இல்லை.

ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கோசெலெக் சொன்னது அந்தத் தாளைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. நாம் என்ன சொல்ல வேண்டும் என்று மூலங்கள் சொல்வதில்லை. எதைச் சொல்லக் கூடாது என்று தடுக்கும், வீட்டோ அதிகாரம் மாதிரி. அந்த ஊரில் தமிழே கிடையாது என்பவனையும் தெலுங்கே கிடையாது என்பவனையும் இந்த ஒரு தாள் நிறுத்திவிடும். யார் பெரும்பான்மை என்று கேட்டால் வாயே திறக்காது. டான்டோ சொன்ன சுதந்திரம் ஒரு பக்கம், கோசெலெக் சொன்ன தடை மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இப்போது வேலை நடக்கிறது. ஃபின்லாந்துக்காரர் குக்கனன் 2015இல் எழுதியதும் அந்த வழிதான்: கதையா இல்லையா என்பதை விடு, வரலாற்று நூல் ஒரு வாதம், வாதம் நிற்கிறதா பார்.

ஹெகலுக்கு நம் பக்கத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 2001இல் ஒரு நூல் எழுதினார்கள். 1600 முதல் 1800 வரை தென்னிந்தியாவில் வரலாறு எழுதப்பட்டது, அந்தந்தக் காலத்தில் செல்வாக்கோடு இருந்த இலக்கிய வடிவங்களில் எழுதப்பட்டது என்கிறார்கள். தேசிங்கு ராஜன் கதையும் அதில் உண்டு. எது நடந்தது, எது புனைவு என்று மொழியில் ஊறிய வாசகனுக்கு நடையிலேயே தெரிந்துவிடுமாம். இது மட்டும் எனக்கு முழுக்கச் செரிக்கவில்லை. நானும் மொழியில் ஊறியவன்தான், எத்தனையோ இடத்தில் எனக்குத் தெரிவதில்லை.

இன்னொரு திசை பருவநிலை. 2009இல் வரலாற்றாசிரியர் திபேஷ் சக்ரவர்த்தி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மனித வரலாறு வேறு இயற்கை வரலாறு வேறு என்ற பழைய பிரிவினை ஆட்டம் கண்டுவிட்டது. டான்டோவின் வாக்கியம் இங்கே பூதாகாரமாகிறது பார். மனிதனே பூமியின் போக்கை மாற்றும் காலம், அதாவது மனித யுகம், என்ற பேச்சைக் கிளப்பிய விஞ்ஞானி பால் க்ருட்சன், அதன் தொடக்கத்துக்கு 1784ஐ, ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தைக் காட்டினார். வாட்டுக்குத் தான் ஒரு யுகத்தைத் தொடங்கிவைக்கிறோம் என்று தெரியவா போகிறது? 2024இல் நிலவியலாளர் குழு வாக்கெடுத்து, அப்படி ஒரு யுகத்தை அதிகாரபூர்வமாக ஏற்க முடியாது என்றுவிட்டது. வரலாற்றுக்காரர்கள் கேட்பதாக இல்லை.

பேத்தியிடம் இதைச் சொல்: இனி கஷ்டம் அந்த வீட்டோவுக்குத்தான். எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிற கல்வெட்டுப் படங்களில் பாதி எந்த மலையிலும் இல்லாதவை. பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தைப் போல ஒன்றைக் கணினி ஒரு நிமிஷத்தில் போட்டுத் தரும், மடிப்புக் கிழிசல், பழுத்த டேப் உட்பட. மூலம் தடுக்கும் என்கிறோம். மூலம் எது என்பதையே நிரூபிக்க வேண்டிவந்தால்? கெட்டிக்காரப் பெண், ஆராய்ச்சிக்கு இதை எடுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க வேலை இருக்கும்.

முதலில் ஈ.எச். கார் எழுதிய 'வரலாறு என்றால் என்ன?' புத்தகத்தைப் படிக்கட்டும், அப்புறம் டான்டோ. டான்டோ என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். அவள் கையில் நேராகக் கொடுத்துவிடு, உன் அலமாரிக்குள் போனால் திரும்பாது.

அன்புடன்,
உன் கோபால்