தறிச் சத்தத்தில் கேட்காத அழுகை

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மாப்பேட்டையில் தறி வீட்டில் வளர்ந்தவர்கள் நானும் தம்பியும். அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கும்போது, தறிச் சத்தத்தில் எங்கள் அழுகை வெளியே கேட்டதில்லை. எனக்கு அது தழும்போடு போயிற்று. தம்பிக்குப் போகவில்லை. 26 வயதிலும், தட்டு கை தவறி விழுந்தால் அவன் தோள் குறுகும்.

போன ஆடியில் உயிரை விடத் துணிந்தான். நல்லவேளை, காப்பாற்றிவிட்டோம். "போலீஸ் கேஸ் ஆகிவிடும், வெளியே சொல்லாதீங்க" என்றார்கள் தெரிந்தவர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. இது தெரியாமல் எத்தனை வீடுகள் வாயை மூடிக்கொண்டிருக்கின்றனவோ!

உறவினர்கள் செய்வினை என்றார்கள். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். வரப்போகும் பெண் என்ன மருந்தா? அந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை.

மாத்திரை அட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைப்பேன். நேற்று, "நீயும் போய்த் தூங்குக்கா" என்றான்.

நள்ளிரவில் திக்குத் தெரியாமல் நின்றபோது கைகொடுத்தது 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சேலத்தின் ரேஷன் கடைகளிலும் தறிப் பட்டறைகளிலும் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.