படத்தைக் கடைசியில் கேட்காதே, மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கொழும்பில் வேலை மாறியது நல்ல சேதி, மகள் நடக்கத் தொடங்கியது அதைவிட நல்ல சேதி. இங்கே மாரி முடிந்தும் வாவி நிறையத்தான் கிடக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறா. எனக்குப் பகலில் பாடசாலை, பின்னேரத்தில் விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணினியில் படம் வரையப் பழக்குவது. மருதமுனையிலிருந்தும் ஒரு பிள்ளை வருகிறாள். அவளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சரி, உன் மென்பொருளுக்கு வருவோம். சின்னப் பிள்ளைகள் தமிழ்க் கதைகளைக் கேட்டுக்கொண்டே வாசிக்க ஒரு செயலி, மூல நிரலை எல்லாருக்கும் திறந்து விடுவாய், காசும் வாங்க மாட்டாய். வாசிக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசிப் பந்தியில், கோடிங் எல்லாம் முடிந்ததும் சொல்கிறேன், ஒரு லோகோவும் கொஞ்சப் படமும் வரைந்து தா என்று கேட்டிருக்கிறாய். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கூட்டாளி என்கிற உரிமையில் நேராகவே சொல்கிறேன்.

நம்ம ஊர்க் கூத்தை நினைத்துப் பார். அவரவர் பாட்டை எழுதிய சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து என்று மாதக்கணக்கில் ஆட்டக்காரரின் காலும் மத்தளமும் ஒன்றோடொன்று பழகிய பிறகுதான் அரங்கேற்றம். யாருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எங்கே தாளத்தை இறக்க வேண்டும் என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குத் தெரிவது அப்படித்தான். அரங்கேற்றத்தன்று பின்னேரம் ஆளனுப்பி மத்தளக்காரரைக் கூப்பிடுகிற ஊர் எங்கேயும் இல்லை. படம் வரைகிறவனை நீ அந்தப் பின்னேரத்தில்தான் கூப்பிடுகிறாய்.

இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் பிளெண்டர்காரர்கள். பிளெண்டர் என்பது கணினியில் முப்பரிமாணப் படமும் அனிமேஷனும் செய்கிற மென்பொருள். டொன் ரூசெண்டால் நெதர்லாந்தில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவுக்குள் இருந்தபடியே அதைத் தொடங்கினார். படம் செய்கிறவர்களின் கைவேலைக்கென்றே பிறந்த மென்பொருள். பிறகு அதை விற்று வந்த கம்பெனி மூடப்பட்டபோது, 2002இல், பாவித்தவர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து ஏழே கிழமையில் 100,000 யூரோ திரட்டி முதலீட்டாளர்களிடமிருந்து நிரலை மீட்டார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 13ஆம் திகதி அது, யாரும் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு அவர்கள் செய்தது. ஓவியர்களை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்து, குறும்படம் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். அந்தப் படத்துக்கு எது இல்லாமல் வேலை நின்றதோ அதை நிரலாளர்கள் எழுதினார்கள். 2006இல் வந்த ‘எலிஃபன்ட்ஸ் டிரீம்’ அப்படித்தான் உருவானது. 2008இல் வந்த ‘பிக் பக் பனி’யில் கதாநாயகன் ஒரு கொழுத்த முயல். முயலுக்கு உடம்பெல்லாம் மயிர் வேண்டும், சுற்றிவரப் புல்வெளி வேண்டும். பிளெண்டரில் மயிரும் புல்லும் உருவாக்குகிற பகுதி நன்றாக வளர்ந்தது அந்த முயலால்தான். படம் முடிந்ததும் படத்தை மட்டுமில்லாமல், அதைச் செய்த கோப்புகளையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பிளெண்டரில் ஒரு பொருளைத் தெரிவு செய்ய வலது பக்கக் கிளிக் என்பதுதான் நெடுங்காலம் வழக்கம். புதிதாக வருகிற ஓவியர்கள் முதல் நாளே அதில் தடுக்கி விழுவார்கள். 2019இல் 2.80 பதிப்பு வந்தபோது அது இடது கிளிக்காக மாறியது. நிரல் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு சின்ன மாற்றமாகத் தெரியலாம், வரைகிறவர்களுக்கு வாசல் கதவையே திறந்து விட்டது போல. அந்த பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’ என்கிற லத்வியப் படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் வாங்கியது உனக்குத் தெரியும்தானே.

கிரிட்டா என்கிற திறந்த ஓவிய மென்பொருளைத்தான் நான் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். பழைய லெப்டொப்பிலும் ஒருமாதிரி ஓடுகிறது. பிரான்ஸ் ஓவியர் டேவிட் ரெவோய் அதில் வரைந்துதான் ‘பெப்பர் அன்ட் கரட்’ என்கிற சித்திரக்கதையை 2014இலிருந்து வெளியிடுகிறார், மூலக் கோப்புகளோடு சேர்த்து. அவர் செய்த தூரிகைகள் இப்போது கிரிட்டாவுக்குள்ளேயே வருகின்றன. தூரிகை செய்ய ஒரு வரி நிரலும் எழுதத் தேவையில்லை. அது முழுக்க ஓவியரின் அறிவு, ஆனாலும் மென்பொருளின் ஒரு பாகம். பங்களிப்பு என்றால் நிரல்தான் என்று நினைக்கிற இடத்தில் இப்படிப்பட்ட ஒருவர் நிலைத்திருக்க மாட்டார்.

மருதமுனைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே. வீட்டில் தறி இருக்கிறது, சாரன் கரைக்கு அவள் இன்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் கோலம் போடுகிறாள். ஒரு நாள், “சேர், திரையில சதுரமா இருக்கிறது நெய்தா நீட்டமா வருது” என்றாள். பாவும் ஊடையும் ஒரே தடிப்பில் இல்லாததால் வருகிற வில்லங்கம். இன்க்ஸ்கேப்பில் கட்டங்களின் அகலத்தையும் உயரத்தையும் வேறுவேறாக வைக்கலாம். அந்த வசதி எப்போதோ எழுதி வைக்கப்பட்டது, ஆனால் அவளுக்கு அதை எடுத்துக் காட்ட ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை. காட்டிய பிறகு அவள் கேட்கிற கேள்விகளே வேறு. நூல் நிறத்தை மாற்றினால் எத்தனை நூல் வேண்டும் என்று எண்ணித் தருமா என்கிறாள். அந்தக் கேள்வி நெசவாளர் வீட்டிலிருந்துதான் வரும். நீ அங்கே இருந்திருந்தால் அன்று இரவே எதையாவது எழுதத் தொடங்கியிருப்பாய்.

இப்போது உன் செயலி. வாசிக்கும்போது எழுத்துக்கு எழுத்து நிறம் மாறும் என்று எழுதியிருக்கிறாய். ‘கொக்கு’ என்று வந்தால் என்ன செய்வாய்? கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் க ஒன்று, ஒகரக் குறி இன்னொன்று. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் போகிறது. ஹார்ஃப்பஸ் போன்ற திறந்த நிரல்கள் எழுத்துருவின் விதிகளைப் பார்த்து அதை அடுக்கிக் கொடுக்கின்றன. நீ குறியீட்டுக்குக் குறியீடு நிறம் மாற்றினால் நடுவில் இருக்கிற க மட்டும் சிவந்து, கொம்பும் காலும் கறுப்பாக நிற்கும். பிள்ளைக்குக் ‘கொ’ ஒரே எழுத்து. எழுத்துப் பழக்குகிற எவரும் முதல் நாளே இதைப் பிடித்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு பிடித்தால் நீ பாதியைக் கிளறித் திரும்ப எழுத வேண்டும்.

படமும் அப்படித்தான். எழுத்துப் பெட்டி திரையில் எங்கே வரும் என்று தெரிந்தால் அந்த இடத்தில் ஆகாயத்தையோ வாவியையோ விட்டு வரைவேன். தெரியாமல் வரைந்தால் உன் பெட்டி கொக்கின் கழுத்தில் போய் உட்காரும். கைபேசி பழசென்றால் படம் பாரமாக இருக்கக் கூடாது, அதற்கு, புள்ளிகளாக இல்லாமல் கோடுகளும் வடிவங்களுமாகச் சேமிக்கிற எஸ்விஜி கோப்பாக வரைய வேண்டும். அது எழுத்தாகவே சேமிக்கப்படுவதால் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் மென்பொருளில் யார் எதை மாற்றினார்கள் என்றும் ஓரளவு பார்க்கலாம். கிரிட்டா, பிளெண்டர் கோப்புகளில் அது முடியாது, இரண்டு பேர் ஒரே கோப்பில் கை வைத்தால் ஒருவருடைய வேலை போய்விடும். அதனால் யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்று எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும். என் பிள்ளைகளை, நிரலாளர்கள் தங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிற முறைப்படி புல் ரிக்வெஸ்ட் அனுப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒரு கோப்புறை தா, கிழமைக்கு ஒருதரம் ஓடுகிற பதிப்பொன்றை அனுப்பு. அது போதும், அவர்கள் பார்த்துப் பார்த்துத் திருத்துவார்கள்.

உரிமத்தை முதலிலேயே கதைத்துவிட வேண்டும். நிரலுக்கு நீ விரும்பியதைப் போடு. படங்களுக்கு, மற்றவர்களும் பாவிக்க விடுகிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட வேண்டும் என்கிற உரிமம் நல்லது. வணிகத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதள வகையின் பிரதான தொகுப்பிலும், விக்கிப்பீடியாவுக்குப் படம் கொடுக்கிற விக்கிமீடியா கொமன்ஸிலும் அந்தப் படங்களை எடுக்க மாட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய் தகப்பனுக்கும் வரைவதற்கு முன்பே விளக்கிச் சொல்லுவேன், பிறகு ஒருவர் மனம் நோகக் கூடாது. பெயர் விஷயத்தில் நான் கண்டிப்பு. லினக்ஸின் சின்னமான பென்குயினை 1996இல் கிம்ப் என்கிற திறந்த பட மென்பொருளை வைத்து வரைந்த லாரி யூவிங், யாரும் பாவிக்கலாம், ஆனால் யாராவது கேட்டால் என்னையும் கிம்பையும் குறிப்பிடுங்கள் என்றுதான் கேட்டார். நம் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை வேண்டும், செயலியின் முதல் பக்கத்திலேயே.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் எங்கிருந்தாவது உனக்கு உதவித்தொகை கிடைத்தால், நிரலாளருக்கு ஒதுக்குகிற அதே தாளில் ஓவியருக்கும் ஒரு வரி எழுது. கோடிங்குக்குச் சம்பளம், படத்துக்கு நன்றி மட்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஊருக்கு வருவாய்தானே? அரைகுறையாக இருந்தாலும் லெப்டொப்பில் அதைக் கொண்டு வா. விறாந்தையில் பாய் போட்டு இருந்து, பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்ப்போம். மறுகா, முதல் கதை எதுவென்று நீ இன்னும் எழுதவில்லை. முதல் அதைச் சொல்லு, கொக்கா நரியா என்று தெரிந்தால்தான் இந்தக் கிழமையே கீறத் தொடங்கலாம்.

அன்புடன்,
உன் கூட்டாளி